பாறையில் ஏறாத பெயர்

ஜாரெட்வில்,
மாரத்தானுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அண்ணன் ரூலனுக்கு, தம்பி லாவர் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று அம்மா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் கையில் ஊசி குத்திக்கொண்டு, உடம்பில் இருக்கிற ரத்தத்தை எல்லாம் ஒரு மெஷினுக்குள் விட்டு அலசித் திரும்ப வாங்கிக்கொள்கிறவனிடம் அதைக் கேட்டால் கிண்டலாகிவிடும் என்பதால் கேட்கவில்லை. இங்கே நானும் நலமாக இல்லை. தொடைகள் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. படிக்கட்டில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன், அதுவும் என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அர்லீன் கீழே நின்று "இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி" என்று லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தால்தான். போன் கீழே சமையலறையில் இருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

உனக்குக் கண் மங்கியதிலிருந்து வருகிற கடிதங்களை எல்லாம் நெட்ரா அண்ணிதான் படித்துக் காட்டுகிறார் என்பது தெரியும். அவருக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் ஓரிடத்தில் என் வாய் கொஞ்சம் நழுவியிருக்கிறது. சபைக்கு ஒழுங்காகப் போகிறவர் என்பதற்காக அதை விழுங்கிவிடாமல் உள்ளபடியே படிக்கவும். அண்ணனுக்கு இப்போது உப்பும் இல்லை, காரமும் இல்லை. இதாவது கிடைக்கட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுத் தலையணையைத் தூக்கி எறிவதானால் எறி, அதன் பிறகு மற்றதைக் கேள். முப்பது விழவில்லை. உன் கணக்கு இருபத்தொன்பதிலேயே நிற்கிறது. முப்பது தடவை ஓடி முடித்தவர்களின் பெயரைச் செதுக்குவதற்கென்று பள்ளத்தாக்கின் வாயில் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்களே ஒரு பாறை, அதில் இந்த வருஷம் உன் பெயர் ஏறாது. முழுக்க முழுக்க என் குற்றம், அல்லது என் காலின் குற்றம், அல்லது ஒரு மாட்டின் குற்றம். யாருக்கு எவ்வளவு என்று நீயே பங்கு போட்டுக்கொள்.

ஜூலை மாதம் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் மறக்கவில்லை, அண்ணா. அன்றைக்கு அண்ணி இழவு வீட்டு உருளைக்கிழங்கு செய்திருந்தார். சபையில் எவர் செத்தாலும் எல்லா வீட்டிலிருந்தும் அதே சீஸ், அதே க்ரீம், மேலே அதே சோள அவல் என்று ஒரே மாதிரி பாத்திரங்களில் வந்து சேருமே, அதுதான். உருளைக்கிழங்கு உனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீ அதை முறைத்துப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கும் நன்றாக முறைத்துவிட்டு, "எனக்குன்னு இது வந்து இறங்குற அன்னைக்கு நீங்க எல்லாரும் திம்பீங்க, நான் ஒருத்தன்தான் திங்க மாட்டேன்" என்றாய். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, தண்ணீர்க் குவளையை நகர்த்தச் சொல்கிற அதே குரலில், "முப்பதாவது முடியட்டும். பாறையில பேர் ஏறட்டும். மறுநாளே அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட மெஷினைக் கழட்டிரச் சொல்லிருவேன். ஓடி முடிச்சவன் உக்காரலாம்ல" என்றாய். அண்ணி எழுந்து போய், கழுவி வைத்த தட்டுகளையே எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

"காலு ரெண்டும் ஊதிக் கிடக்கு, நீ எப்படி ஓடுவ?" என்று நான்தான் கேட்டேன். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு எனக்குக் கால் நகங்கள் இருந்திருக்கும்.

"நான் எங்க ஓடப்போறேன்? நீதான் ஓடப்போற. ஓட்டத்தை நடத்துற மெரில்கிட்ட பேசியாச்சு. முதல் வருஷம் சுண்ணாம்புல கோடு போட்டவனே நான்தான். என் கூடப்பொறந்தவன் நேரம் குறிக்கிற என் வில்லையை ஷூவுல கட்டிக்கிட்டு முழு தூரமும் சொந்தக் கால்ல வந்து முடிவுக் கோட்டுப் பாயை மிதிச்சா என் கணக்குல ஏறும்னு கமிட்டியே ஒத்துக்கிச்சு."

"நான் பஸ் ஓட்டுனவன், அண்ணா. ஓடுனவன் இல்ல."

"அதான் பாக்குறேனே, உக்காந்து உக்காந்து பின்பக்கம் பஸ் அகலம் ஆயிருச்சு. கொஞ்சம் கரைச்சுக்க."

என் சிறுநீரகம் உனக்குப் பொருந்தாது என்று டாக்டர் சொன்னபோது, "அவன் எதுலதான் எனக்குப் பொருந்தியிருக்கான்" என்று நீ சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. சரி, காலாவது பொருந்தட்டும் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற வழியில்தான், நான் ஓடி முடித்தால் நீ போய்விடுவாய் என்பது மண்டையில் உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அர்லீன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அவளே இறங்கி வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினாள். ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். கோடை முழுக்க வான்கோழிப் பண்ணைகளுக்கு நடுவே நான் ஓடிப் பழகியதை ஊரே பார்த்திருக்கிறது. வான்கோழிகளும் பார்த்திருக்கின்றன. அவை வேலியோரமாக என் கூடவே ஓடிவந்து என்னை முந்தின.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம் உன் வீட்டுக்கு வந்து எண் அட்டையையும் வில்லையையும் வாங்கிக்கொண்டபோது நீ மெஷினிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அண்ணிதான் வாசல் வரை வந்தார். மலை உச்சியில் குளிருக்குப் போட்டுக்கொண்டு, உடம்பு சூடானதும் சாலையோரம் கழற்றி எறிகிற பழைய துணி ஒன்று எல்லோருக்கும் வேண்டுமே, பின்னால் சபைப் பிள்ளைகள் பொறுக்கி ஏழைகளுக்குக் கொடுப்பார்களே, அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என் பழைய துணிகளைத்தான் நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணி உள்ளே போய்த் தன்னுடைய ரோஜா நிறக் குளியலறை அங்கியை எடுத்து வந்து கையில் கொடுத்து, "மெதுவாப் போ, லாவர்" என்றார். ஊரே "பிடி, விடாதே" என்று உசுப்பேற்றிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் என்னை மெதுவாகப் போகச் சொன்னார். நல்ல மனசு.

இத்தனை வருஷம் அந்த மஞ்சள் பஸ்ஸில் உன்னை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, கீழே வந்து சாக்லேட் பாலோடு காத்திருந்தவன் நான். இந்தத் தடவைதான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அந்த பஸ்ஸுக்கு ஸ்பிரிங் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது ஓட்டுநர் சீட்டில் இருந்தவரை எனக்குத் தெரியாது, நீயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தில் ஒஹையோவிலிருந்து வந்த ஒருவர். இயற்கை அழகைப் பார்ப்பதற்காகவே விமானம் ஏறி வந்தவர். "நாட்டுலயே அழகான மாரத்தான் வழி இதுதானாமே?" என்று கேட்டார். "தெரியாதுங்க, நான் இங்கயே பொறந்தவன்" என்றேன். அவர் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

மேலே குளிர் பல்லைக் கழற்றியது. பீப்பாய்களில் தீ மூட்டியிருந்தார்கள். அதைச் சுற்றிக் குப்பைப் பைகளைத் தலைவழியாக மாட்டிக்கொண்ட டாக்டர்களும் வக்கீல்களும் அகதிகள் மாதிரி நின்றார்கள். நான் ரோஜா நிற அங்கியில் நின்றேன். தற்காலிகக் கழிப்பறைகளுக்கு முன்னால் இருந்த வரிசை ஊர் எல்லை வரை போகும் போலிருந்தது. ஒரு தடவை போய்விட்டு வந்து மறுபடி வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன். உனக்கு இப்போது சிறுநீர் என்பதே அநேகமாக நின்றுவிட்டது என்று அண்ணி சொன்னது அங்கே வைத்து ஞாபகம் வந்தது. வில்லையோடு சேர்த்து அந்த வேலையையும் உன் சார்பில் நானே செய்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. மெரில் சகோதரர் ஒலிபெருக்கியைப் பிடித்து ஜெபித்தார், அவர் ஜெபித்து முடிப்பதற்குள் இரண்டு பீப்பாய் அணைந்துவிட்டது. உன் பெயரைச் சொல்லி, "அவருக்கு இளைப்பாறுதல் தாரும்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, குளிரில் உதடு ஒட்டிக்கொண்டது.

இனி அந்த அழகான வழியைப் பற்றி. ஒவ்வொரு வருஷமும் ஓட்டம் முடிகிற பூங்காவில் சாக்லேட் பாலைக் குடித்துக்கொண்டே, "அந்த மலை, அந்த மஞ்சள் இலை, அந்த ஆறு" என்று நீ அளந்ததை எல்லாம் நான் உண்மை என்று நம்பியிருந்தேன். நான் பார்த்த இயற்கை என்னவென்றால், முன்னால் ஓடியவரின் குதிகால், அதில் ஒட்டியிருந்த கோந்து நாடா, தார்ச்சாலை. பள்ளத்தாக்கு முழுக்க இறக்கம்தான், பந்து மாதிரி உருண்டு வந்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறாய். உருளும் பந்துக்குத் தொடை கிடையாது, நகம் கிடையாது. அரை வழி வருவதற்குள் என் பெருவிரல் நகங்கள் இரண்டும் ஷூவுக்குள் தனியாக ஓட ஆரம்பித்துவிட்டன. "இதை இறக்கம்னு எந்த நாசமாப் போறவன் சொன்னான்" என்று நான் சத்தமாகவே கேட்டேன், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிஷப் தன் பார்வையை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது சாப்பாட்டு மேசைகள். மைலுக்கு மைல் மேசை போட்டு நம் சபைப் பிள்ளைகள் நீட்டியது என்னென்ன தெரியுமா? வாழைப்பழம். ஆரஞ்சுச் சுளை. உப்பில் புரட்டிய வேகவைத்த உருளைக்கிழங்கு. டாக்டர் உன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிற தடைகளை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்து வந்து, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று கெஞ்சினார்கள். உன் தங்க நிற அட்டையில் உன் பெயர் பெரிதாக இருக்கிறதல்லவா, அதைப் படித்துவிட்டு "ரூலன், தண்ணி, ரூலன், தண்ணி" என்று இரண்டு பக்கமும் குவளைகள். முதல் குவளையைக் குடித்தேன். இரண்டாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிய பிறகுதான் அண்ணி உனக்கு எண்ணிக் கொடுக்கிற பனிக்கட்டித் துண்டுகள் நினைவுக்கு வந்தன, அதில் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு அது கரையக் கூடாது என்று நாக்கை அசைக்காமல் நீ உட்கார்ந்திருப்பதும் வந்தது. அதற்கப்புறம் எந்த மேசையிலும் தண்ணீரைத் தலையில் ஊற்றவில்லை. உன்னைத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மேசையிலும் "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்கள். நல்லாத்தான் இருக்கார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓடுவதைவிட அது அதிகமாக மூச்சு வாங்கியது.

நீர்த்தேக்கத்துக்கு முன்னால் உள்ள வளைவில்தான் மாடு. மேய்ச்சலுக்கு விட்ட கறுப்பு மாடு ஒன்று சாலையின் குறுக்கே சர்வ சுதந்திரமாக நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் அப்போதும் அங்கியைக் கழற்றவில்லை, அட்டை தெரியட்டும் என்று முன்பக்கத்தைத் திறந்துவிட்டதோடு சரி. தொங்கிக்கொண்டிருந்த இடுப்புக் கச்சையை அது வாயில் கவ்விக்கொண்டது. நான் இழுத்தேன். அது மென்றது. "விடு, இது எங்க அண்ணியோடது" என்றேன். ஒஹையோக்காரர் நின்று நிதானமாகப் போட்டோ எடுத்துவிட்டு, "அருமையான இடம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். கடைசியில் நான் கையை உருவிக்கொண்டேன், மாடு அங்கியோடு ஆற்றுப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அண்ணி மன்னிக்கவும். ஏழைகளுக்குப் போக வேண்டியது.

அந்தக் கூத்தில்தான் ட்வைலா வந்து சேர்ந்தாள். முதல் வருஷத்திலிருந்து ஒன்று விடாமல் ஓடியதில் உன்னைத் தவிர மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதானே. எழுபதை நெருங்குகிறவள், மூச்சுக்கூட வாங்காமல் வந்தாள்.

"அந்த அங்கியைத் தூரத்துல பாத்துட்டு, நெட்ராதான் ஓடுறான்னு நெனச்சேன்" என்றாள்.

"அண்ணி ஓடியிருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாங்க."

"முடிச்சிருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு எனக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். பிறகு, "பாறையில பேர் ஏறுனதும் மெஷினைக் கழட்டிருவானாமே?" என்றாள்.

"அப்படித்தான் சொல்றான்."

"என் வீட்டுக்காரர் செத்த வருஷம் நான் ஓட வரலைன்னுட்டேன். விடியறதுக்கு முன்னாடி உங்கண்ணன் வந்து என் வாசல்ல நின்னு ஹாரனை அடிச்சான் பாரு, தெருவே எந்திரிச்சுருச்சு. செருப்பைக் கழட்டி எறிஞ்சேன். அதை எடுத்து வண்டியில வச்சுக்கிட்டு மறுபடியும் அடிக்கிறான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, செருப்பு வேணுமே. ஏறிட்டேன்." அவ்வளவு சொல்லிவிட்டு அவள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நீ இதை எங்களிடம் சொன்னதே இல்லையே, அண்ணா.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்த்தேக்கத்து மேட்டில் எதிர்காற்று. முழுக்க இறக்கம் என்கிற பொய்யின் நடுவில் அந்த மேடு இருக்கிறது. காற்றில் நான் ஓடினேனா நின்றேனா என்பது எனக்கே தெரியவில்லை. பிறகு ஊர் எல்லைப் பாலத்தில் கெண்டைக்கால் இரண்டும் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டன. உட்காரப் போய் வாய்க்காலில் விழுந்துவிட்டேன். வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்தால் பிடிப்பு விடும் என்று யாரோ ஒரு ஜாடியைக் கொடுத்தார்கள். குடித்ததும் பிடிப்பு விடவில்லை, குடித்தது வெளியே வந்தது. ஷெரிப்பின் ஆள் வந்து வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னான். சொந்தக் காலில் வந்தால்தான் செல்லும் என்று சொல்லி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டி நொண்டிப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது கெடு வைத்திருந்த ஒரு மணி தாண்டிவிட்டது. சாலையைத் திறந்துவிட்டார்கள். மெரில் சகோதரர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, லாவர்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ட்வைலாவுக்கு முப்பது விழுந்துவிட்டது. ஆனால் அவள் தன் பெயரை இந்த வருஷம் செதுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "என் பேரு மட்டும் தனியா இருந்தா ரூலன் என்னைச் சும்மா விடுவானா? ரெண்டையும் சேர்த்தே செதுக்குங்க" என்று கமிட்டியின் முன்னால் சொன்னாள். அடுத்த வருஷமும் உன் வில்லையை நான் கட்டிக்கொண்டு ஓடலாம் என்று கமிட்டி அங்கேயே ஒத்துக்கொண்டது.

இப்போது நீ கேட்க வேண்டியது இதுதான். முப்பது முடிந்த பிறகு மெஷினைக் கழற்றுவேன் என்றுதான் நீ சொன்னாய். முப்பது முடியவில்லை. சொன்ன சொல் மாறியவன் என்று உன்னை இந்த ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை, இந்த வயசில் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளாதே. ஆகவே வியாழக்கிழமை வழக்கம்போல் மெஷினுக்குப் போகவும். உனக்கு வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும், அண்ணா. அங்கிருந்து வந்த பிறகு உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்கிற யோக்கியதை, சொந்தமாக இரண்டு நல்ல சிறுநீரகம் வைத்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன். என் காலால் வந்த வினை, என்னை மன்னித்துவிடு.

பரலோகத்தில் இருக்கிற நம் பிதா உன் ரத்தத்தைச் சுத்தமாகவும், உன் கோபத்தைச் சூடாகவும், அண்ணியின் முழங்கால்களைப் பத்திரமாகவும் வைத்துக் காக்கட்டும். என் நகங்களைத் திரும்பத் தருவதானால் அவசரமில்லை. அர்லீன் தன் அன்பையும், உனக்கு ஆகாதது எதுவும் போடாத ஒரு கேக்கையும் அனுப்புகிறாள். அதைச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நான் சாப்பிட்டுப் பார்த்தேன்.

உனக்கு எதிலும் பொருந்தாத தம்பி,
லாவர்.

பின்குறிப்பு: நெட்ரா அண்ணி, இந்த வரியிலிருந்து சத்தமாகப் படிக்க வேண்டாம். மனதுக்குள் படியுங்கள். பெருமூச்சும் விட வேண்டாம். அவனுக்குக் கண்தான் மங்கல், காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. போனில் சொன்னால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் எழுதினேன். நீங்கள் படித்தால் குரலில் பொய் இருக்காது, ஏனென்றால் இந்த இடம் வருகிற வரை உங்களுக்கே தெரியாது.

எனக்குக் கால் பிடித்துக்கொள்ளவில்லை. நான் வாய்க்காலில் விழவில்லை. மாடு மட்டும் உண்மை. பூங்காவுக்குள் நான் வந்தபோது ஒரு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. என் அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் ஜனங்கள் "ரூலன், ரூலன்" என்று கத்தினார்கள். பாய் எனக்கு முன்னால் கிடந்தது. திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை, அண்ணி, இதை நீங்கள் நம்ப வேண்டும், தாண்டிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அவன் வில்லையைக் கட்டியிருந்த இடது காலைத் தூக்கினேன். கீழே வைக்க முடியவில்லை. பின்னால் எடுத்து வைத்துவிட்டேன்.

"ஒரே எட்டு, லாவர்" என்று மெரில் சகோதரர் ஓடி வந்தார். "கால் வலிக்குதா? ரெண்டு பேர் பிடிச்சுக்கட்டுமா?"

"பிடிச்சா செல்லாது, சகோதரரே."

"அப்ப நீயே வா."

"வர முடியாது."

"ஏன் முடியாது? நல்லாத்தானே நிக்கிற?"

பாய்க்கு அந்தப் பக்கம் ட்வைலா சாக்லேட் பாலைக் குடித்துக்கொண்டு நின்றாள். அவள் பாலைக் கீழே வைத்துவிட்டு, "அவனை ஒண்ணும் கேக்காதீங்க, மெரில். அவன் கால் அவனுது" என்றாள். மெரில் அவள் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், விலகிக்கொண்டார். உச்சியில் இளைப்பாறுதல் கேட்டு ஜெபித்தவர் அவர்தானே. ஜனங்களுக்கு எதுவும் புரியவில்லை, அவர்கள் இன்னும் சத்தமாக அவன் பெயரைக் கத்தினார்கள். அவன் பெயரை அத்தனை பேர் ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டு அந்த இடத்திலேயே நின்றேன். ஒரு மணிக்கு ஹாரன் அடித்தது. மெரில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். அது ஒன்று நான் எழுதியபடியே நடந்தது. அவர் போன் செய்தால் கால் பிடிப்பு என்றுதான் சொல்வார்.

நீங்கள் அன்றைக்கு "மெதுவாப் போ" என்று சொன்னீர்கள். எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை. வலி அவனுடையது, அவனைக் கேட்காமல் அதை நான் நீட்டிவிட்டேன். இனி அவன் கையில் ஏறுகிற ஒவ்வொரு ஊசிக்கும் நானும் பொறுப்பு. இதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களால் அவன் பக்கத்தில் உட்கார முடியாது என்று தோன்றினால், இதையும் படித்துக் காட்டிவிடுங்கள். திட்டு வாங்க நானே பின்பக்கமாகப் படியிறங்கி வருகிறேன். முடியும் என்று தோன்றினால் இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். அடுத்த வருஷமாவது நான் அந்தப் பாயைத் தாண்டுவேன் என்று உங்களுக்கு வாக்குத் தர முடியவில்லை.

நீங்கள் திடீரென்று படிப்பதை நிறுத்தியதில் அவன் இந்நேரம் தலையைத் திருப்பி, "ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டிருப்பான். முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அண்ணி. இன்னும் கொஞ்சம் இருக்கு என்று சொல்லுங்கள்.